கண்ணாடியா, சிமென்டா, நீராவியா? ஹான்ஃபோர்டின் 177 தொட்டிகள்

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், கொலம்பியா ஆறு வளைந்து திரும்பும் வறண்ட சமவெளியில், 177 தொட்டிகள் மண்ணுக்கடியில் இருக்கின்றன. நாகசாகி மீது வீசப்பட்ட குண்டுக்கான புளூட்டோனியம் இந்த ஹான்ஃபோர்டு வளாகத்தில்தான் உருவானது. 1944-ல் தொடங்கிப் பனிப்போர் முடியும் காலம்வரை ஒன்பது அணு உலைகள் இங்கே ஓடின. அவற்றின் எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியத்தை எடுத்த பிறகு மிஞ்சிய கதிரியக்கக் கழிவில் சுமார் 5.6 கோடி காலன், அதாவது 21 கோடி லிட்டர், அந்தத் தொட்டிகளில் சேர்ந்தது. 149 தொட்டிகளுக்கு ஒரே சுவர். மீதி 28-க்கு இரட்டைச் சுவர். ஒற்றைச் சுவர்த் தொட்டிகளில் 67 கசிந்திருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஏறத்தாழ 10 லட்சம் காலன் ஏற்கெனவே மண்ணுக்குள் போய்விட்டது.

இதைத் திடப்பொருளாக்க வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. எதில் உறையவைப்பது என்பதில்தான் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக இழுபறி. மேசையில் இருக்கும் வழிகள் மூன்று: கண்ணாடியாக்குவது, சிமென்ட் கலவையில் கட்டுவது, நீராவியில் வறுத்து மணிகளாக்குவது. என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்தப் பொருள் அதிகக் காலம் தாங்கும் என்ற கேள்வியிலிருந்து தொடங்கினால் இந்த ஒப்பீடு கோணலாகிவிடும். எங்கே புதைக்கப் போகிறோம், எந்தத் தொட்டி முதலில் காலியாக வேண்டும் என்ற இரண்டையும் முதலில் வைத்தால், விடை தொட்டிக்குத் தொட்டி மாறும்.

உப்புப் பிரச்சினை

இவ்வளவு கழிவு சேர்ந்ததற்குக் காரணம் கதிரியக்கம் அல்ல, சிக்கனம். மறுசெயலாக்கத்தில், அதாவது எரிபொருளைக் கரைத்துப் புளூட்டோனியத்தை எடுப்பதில், வெளிவருவது நைட்ரிக் அமிலக் கரைசல். அதை அப்படியே சேமிக்கத் துருப்பிடிக்காத எஃகுத் தொட்டி வேண்டும். போர்க்காலத்தில் அந்த எஃகு கிடைப்பது அரிதாக இருந்ததால் மலிவான கார்பன் எஃகில் தொட்டி கட்டினார்கள். அமிலம் அதை அரித்துவிடாமல் இருக்கக் காஸ்டிக் சோடாவைக் கொட்டிக் காரமாக்கினார்கள். விளைவாகச் சோடியம் நைட்ரேட்டும் சோடியம் ஹைட்ராக்சைடும் மலைபோல் குவிந்தன. இன்று தொட்டிகளில் இருப்பதில் பெரும்பகுதி இந்த உப்புதான். அடியில் சேறு, நடுவில் இறுகிய உப்புக்கட்டி, மேலே கரைசல் எனத் தொட்டிக்குத் தொட்டி வெவ்வேறு விகிதம். கல்பாக்கம் உள்ளிட்ட இந்திய மறுசெயலாக்க ஆலைகளின் உயர்நிலைக் கழிவு அமில நிலையிலேயே துருப்பிடிக்காத எஃகில் வைக்கப்பட்டுப் பிறகு போரோசிலிகேட் கண்ணாடியாவதால், இந்த உப்புச் சுமை நமக்கு இந்த அளவில் இல்லை. ஹான்ஃபோர்டு அனுபவத்தை அப்படியே இங்கே பெயர்த்துப் பேசுகிறவர்கள் இந்த வேறுபாட்டைத் தவறவிடுகிறார்கள்.

உப்பு இவ்வளவு இருப்பதால் ஹான்ஃபோர்டில் கழிவை இரண்டாகப் பிரிப்பதே திட்டம். கரைசலை வடிகட்டி, அதிலிருக்கும் சீசியம்-137-ஐ அயனிப் பரிமாற்றத் தூண்களில் பிடித்துக்கொண்டால், மிஞ்சுவது குறைகதிரியக்கக் கழிவு. கன அளவில் மொத்தத்தில் சுமார் 90 சதவீதம் இதுதான். கதிரியக்கத்தில் இதன் பங்கு மிகச் சிறியது. சேறும் பிடிபட்ட சீசியமும் உயர்கதிரியக்கப் பக்கம். அந்தப் பக்கத்துக்குக் கண்ணாடிதான் என்பதில் சச்சரவே இல்லை. இங்கே ஒப்பிடுவது முழுக்கக் குறைகதிரியக்கப் பங்கைப் பற்றியது. கட்டிய கண்ணாடி ஆலையால் அதை முழுவதும் உரிய காலத்தில் விழுங்க முடியாது என்பதால், மீதியை என்ன செய்வது என்ற கேள்வி அமெரிக்க நாடாளுமன்றம்வரை போனது. சவன்னா ரிவர் தேசிய ஆய்வகத்தின் தலைமையில் ஒரு குழு மூன்று வழிகளையும் ஆராய்ந்தது. தேசிய அகாதமிகளின் குழு அந்த ஆய்வை மறுபரிசீலனை செய்தது. நான் கீழே சொல்வது அந்த அறிக்கைகளின் சுருக்கம் அல்ல. ஆனால் அவற்றின் மேல் நின்றுதான் பேசுகிறேன்.

கண்ணாடி: பொருள் நல்லது, ஆலை கடினமானது

கழிவோடு மணல், போரிக் அமிலம் முதலான கண்ணாடிப் பொருள்களைச் சேர்த்து 1,150 டிகிரி செல்சியஸில் உருக்கி, துருப்பிடிக்காத எஃகுக் கலனில் ஊற்றுகிறார்கள். ஒரு கலன் நாலடி அகலம், ஏழரை அடி உயரம். நிரம்பினால் ஏறத்தாழ ஏழு டன். கதிரியக்கத் தனிமங்கள் கண்ணாடியின் மூலக்கூறு வலைக்குள்ளேயே கட்டுண்டு கிடக்கும். தண்ணீர் பட்டாலும் மிக மெதுவாகத்தான் கரையும். உருக்கும்போதே நைட்ரேட்டும் கரிமச் சேர்மங்களும் எரிந்துபோகும். கன அளவும் சுருங்கும். பொருளை மட்டும் வைத்து மதிப்பெண் போட்டால் கண்ணாடிக்குத்தான் முதல் இடம்.

ஆனால் திட்டம் என்பது கலனுக்குள் இருக்கும் பொருள் மட்டும் அல்ல. கழிவை உருக்கும் உலையான உருக்குலைக்கு மேலே புகைபோக்கி வரையிலான பகுதியைக் கொஞ்சம் கிட்டப்போய்ப் பார்க்க வேண்டும். கழிவிலுள்ள நைட்ரேட் உருகும் குழம்பில் நுரை கட்டும். அதை அடக்க ஊட்டக் கலவையில் சர்க்கரை சேர்க்கிறார்கள். நாம் காபியில் போடும் அதே சர்க்கரைதான். அது நைட்ரேட்டோடு வினைபுரியும்போது அசிட்டோநைட்ரைல் என்ற நச்சுச் சேர்மம் உருவாகிறது. அது புகையோடு போய், குளிர்ந்து, கழிவுநீரில் சேர்கிறது. அந்த நீரிலிருந்து அதைப் பிரித்தெடுக்கத் தனி அமைப்பு வேண்டும். எஞ்சிய நைட்ரஜன் ஆக்சைடுகளை மட்டுப்படுத்த அம்மோனியா வேண்டும். அம்மோனியா வந்தால் அதற்கென்று தனிப் பாதுகாப்புக் கணக்கு. ஒரு பிடி சர்க்கரைக்குப் பின்னால் இத்தனை குழாய்கள்.

அடுத்தது டெக்னீசியம்-99. அரை ஆயுள் 2,11,000 ஆண்டுகள். நிலத்தடி நீரில் கரைந்து சரசரவென்று நகரக்கூடியது. உருக்குலையின் சூட்டில் இதன் ஒரு பகுதி ஆவியாகிப் புகையோடு போய்விடும். அதைப் பிடித்து, ஆவியாக்கியில் செறிவாக்கி, மறுபடி உலைக்கே ஊட்ட வேண்டும். அயோடின்-129 இன்னும் மோசம். அரை ஆயுள் 1.57 கோடி ஆண்டுகள். அதில் கணிசமான பங்கு கண்ணாடிக்குள் தங்காமல் வடிகட்டிகளிலும் கரிப்படுகைகளிலும் சேர்கிறது. அந்த வடிகட்டிகளை எப்படிப் புதைப்பது? சிமென்ட் கலவையில் கட்டித்தான். சிமென்ட் நம்பத்தகாதது என்று சொல்லிக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்த பிறகும், மிக நீண்ட காலம் வாழும் தனிமத்தின் கணிசமான பங்கு சிமென்டுக்கே வந்து சேர்கிறது. கண்ணாடி ஆதரவாளர்கள் இதற்கு நேரான பதில் சொல்லி நான் படித்ததில்லை.

பிறகு ஓட்டம். உருக்குலை ஒவ்வொன்றும் 300 டன் எடை. சூடேற்றிவிட்டால் அணைக்க முடியாது. கழிவு வராத நாளிலும் அது டீக்கடை பாய்லர்போலக் கொதித்துக்கொண்டே இருக்க வேண்டும். ஆக, முன்னால் இருக்கும் சீசியம் பிரிப்புப் பிரிவோ பின்னால் இருக்கும் கழிவுநீர்ப் பிரிவோ ஒருநாள் படுத்தாலும், நடுவில் உலைக்கு மின்சாரமும் ஆள்களும் செலவாகிக்கொண்டே இருக்கும். சில ஆண்டுகளில் உலையின் உள்சுவர் தேய்ந்துபோகும். அப்போது அந்த 300 டன்னும் கதிரியக்கக் கழிவு.

ஹான்ஃபோர்டில் நடந்த கதை இதைவிடப் பெரிது. முதலில் தனியார் நிறுவனமே கட்டி, கண்ணாடிக்கு விலை வைத்து அரசிடம் விற்கும் என்றொரு ஏற்பாடு இருந்தது. 2000-ல் அதன் மதிப்பீடு 1,500 கோடி டாலரைத் தாண்டியதும் அதைக் கைவிட்டு, அதே ஆண்டு டிசம்பரில் பெக்டெல் நிறுவனத்துடன் புது ஒப்பந்தம் போட்டார்கள். நாளை மிச்சப்படுத்த வேண்டும் என்று, வடிவமைப்பு முடியும் முன்பே கட்டத் தொடங்கினார்கள். இதில்தான் எல்லாம் சிக்கியது. முன்சுத்திகரிப்புக் கட்டடத்தில் மனிதர் யாரும் நாற்பது ஆண்டுக்கு உள்ளே போக முடியாதபடி மூடப்படும் கருப்பு அறைகள் இருந்தன. அவற்றுக்குள் நகரும் பாகம் ஒன்றுகூட இல்லாத, காற்றழுத்தத்தால் கலக்கும் கலக்கிகள். கனமான புளூட்டோனியத் துகள் அடியில் படிந்து ஒன்றுசேருமா? குழாய்களில் ஹைட்ரஜன் தேங்கி வெடிக்குமா? உறுதியான பதில் கிடைப்பதற்குள் கான்கிரீட் ஏறிவிட்டது. 2012-ல் அந்தக் கட்டடத்தின் வேலை நின்றது. 430 கோடி டாலர் என்று தொடங்கிய மொத்தத் திட்டம் 2006-லேயே 1,226 கோடி டாலராகியிருந்தது.

பிறகு எடுத்த முடிவு புத்திசாலித்தனமானது. நின்றுபோன கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு போனார்கள். தொட்டிக்குப் பக்கத்திலேயே சிறிய வடிகட்டியும் சீசியம் பிடிக்கும் தூண்களும் கொண்ட ஓர் அமைப்பை நிறுத்தினார்கள். 2022 ஜனவரியில் அது ஓடத் தொடங்கியது. சீசியம் நிறைந்த தூண்கள் இப்போதைக்கு ஒரு கான்கிரீட் தளத்தில் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் கடைசிப் பயணம் வேறு கதை. முதல் உருக்குலையைச் சூடேற்றும் வேலை 2022 அக்டோபரில் தொடங்கி, தொடக்கச் சூடேற்றிகளின் மின்சார அமைப்பில் கோளாறு என்று நின்று, அடுத்த ஆண்டுதான் உலை முழுச்சூட்டை எட்டியது. 2025 அக்டோபரில் உண்மையான தொட்டிக் கழிவு கண்ணாடியானது. ஒப்பந்தம் போட்டதிலிருந்து கணக்கிட்டால் கால் நூற்றாண்டு.

நீராவி: தாளில் அழகு

மூன்றில் எனக்கு வேதியியலாக அதிகம் பிடித்தது இதுதான். திட்டமாக வேண்டாம் என்று சொல்வதும் இதைத்தான்.

கரி, மிகைச்சூட்டு நீராவி இவற்றோடு சிறு மணிகள் மிதந்து கொதிக்கும் படுகைக்குள் கழிவைத் தெளிக்கிறார்கள். நைட்ரேட் நைட்ரஜனாகிவிடும். கரிமச் சேர்மங்கள் அழிந்துவிடும். களிமண் சேர்த்தால், சோடியமும் டெக்னீசியமும் கூண்டுபோன்ற கனிம அமைப்புக்குள் அடைபடும். வெப்பம் உருக்குலையைவிடப் பல நூறு டிகிரி குறைவு என்பதால் ஆவியாகித் தப்புவதும் குறைவு. திரவக் கழிவுநீர் கிட்டத்தட்ட வராது. கண்ணாடியின் நன்மை, சிமென்டின் எளிமை இரண்டும் கிடைக்கும்போலத் தோன்றும்.

ஐடஹோ மாநிலத்தில் சோடியம் நிறைந்த 9 லட்சம் காலன் கழிவுக்காக இந்த முறையில் ஓர் ஆலை கட்டினார்கள். 2012-க்குள் வேலையையே முடித்துவிடுவதாகத் திட்டம். அந்த ஆண்டு ஜூனில், கழிவில்லாமல் வெறும் கரியோடு நடந்த தொடக்கச் சோதனையிலேயே வடிகட்டிகள் அடைத்து அழுத்தம் எகிறியது. சரிசெய்து ஓட்டினால் படுகைச் சுவரில் மரப்பட்டைபோல ஒரு படிமம் ஏறியது. ஒரு சிக்கலைத் தீர்த்தால் அடுத்தது கிளம்பியது. போலிக் கழிவை வைத்து ஆண்டுக்கணக்கில் சோதித்து, 2023 ஏப்ரலில்தான் உண்மைக் கழிவு உள்ளே போனது. ஹான்ஃபோர்டின் கழிவோ ஒரே சீரானதல்ல. ஐடஹோவில் ஒரு சில தொட்டிகளின் ஏறத்தாழ ஒரே மாதிரிக் கழிவுக்கே பதினோரு ஆண்டு தாமதம் என்றால், 177 விதமான கூட்டுக்கறிக்கு எவ்வளவு? அதிலும் ஹான்ஃபோர்டுக்குத் தேவையான களிமண் வகை மணிகளை ஐடஹோ ஆலை தயாரிப்பதில்லை, அங்கே வருவது கார்பனேட் மணி. முன்னோடி என்று காட்டுவதுகூட முழு முன்னோடி இல்லை. இதற்கு மேல் இந்த வழியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

சிமென்ட்: மலிவு, எளிது, சந்தேகத்துக்குரியது

இரும்பாலைக் கசடு ஏறத்தாழ பாதி, அனல்மின் நிலையச் சாம்பல் கிட்டத்தட்ட அதே அளவு, சிமென்ட் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகவோ அதையொட்டியோ. இதில் கழிவுக் கரைசலை நேரடியாகக் கலந்தால் சாதாரண வெப்பத்திலேயே இறுகிக் கல்லாகிவிடும். ஆவியாகித் தப்புவது என்ற பேச்சே இல்லை. டெக்னீசியமும் அயோடினும் ஊற்றிய இடத்திலேயே இருக்கும். புகைபோக்கி இல்லை, அம்மோனியா இல்லை, சர்க்கரை இல்லை. வெள்ளிக்கிழமை மாலை கலவை இயந்திரத்தைக் கழுவி நிறுத்திவிட்டுத் திங்கட்கிழமை மறுபடி ஓட்டலாம். திட்ட மேலாளராக இருந்தால் இந்த ஒரு வசதிக்காகவே பாதி மனம் சாய்ந்துவிடும்.

சோதனைக்கூட விஷயமும் அல்ல இது. தென் கரோலினாவின் சவன்னா ரிவர் வளாகத்தில் 1990 முதல் இதே முறையில், சால்ட்ஸ்டோன் என்ற பெயரில், உப்புக் கரைசலைப் பெரும் கான்கிரீட் பெட்டகங்களில் ஊற்றிவருகிறார்கள். அங்கேயும் சேறு கண்ணாடியாகிறது, 1996 முதல் 4,000-க்கும் மேற்பட்ட கலன்கள் நிறைந்துவிட்டன. கண்ணாடி ஆலையும் சிமென்ட் ஆலையும் ஒரே வளாகத்தில் அவரவர் பங்கைப் பார்த்துக்கொள்கின்றன.

பலவீனங்களையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். சிமென்ட் கல் நுண்துளை உள்ளது. நைட்ரேட் அதில் வேதியியலாகக் கட்டுப்படுவதில்லை, துளைகளில் அடைந்து கிடக்கிறது, அவ்வளவுதான். நீர் போனால் கூடவே வெளியேறும். டெக்னீசியத்தைக் கசடிலுள்ள சல்ஃபைடு ஒடுக்கிக் கரையாத வடிவமாக மாற்றி நிறுத்துகிறது. காற்றின் ஆக்சிஜன் உள்ளே ஊடுருவினால் அது மறுபடி கரையும் வடிவத்துக்குத் திரும்பலாம். அயோடினைப் பிடிக்கத் தனியாக ஏதாவது சேர்க்க வேண்டும். சில கரிமச் சேர்மங்கள் அபாயக் கழிவு விதிகளின் வரம்பை மீறியிருந்தால், சிமென்டுக்கு முன்பே அவற்றை அகற்ற வேண்டும், இல்லையென்றால் உரிமம் கிடையாது. கன அளவு கரைசலைவிடக் கூடும், கண்ணாடிபோலச் சுருங்காது. நிலக்கரி அனல்மின் நிலையங்கள் ஒவ்வொன்றாக மூடப்படும் நாட்டில் அடுத்த முப்பது ஆண்டுக்கு ஒரே தரமான சாம்பல் எங்கிருந்து வரும் என்பதும் சின்னக் கேள்வி அல்ல.

ஹான்ஃபோர்டுக்கே சிமென்ட் புதிதில்லை. 1980-களின் இறுதியில் அங்கே ஒரு சிமென்ட் ஆலை கட்டி, சுமார் 10 லட்சம் காலன் கழிவை ஒரு நிலத்தடிப் பெட்டகத்தில் ஊற்றி முடித்தார்கள். உள்ளூர் மக்களும் மாநிலமும் எதிர்த்தனர். 1993-ல், எரிசக்தித் துறை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, மாநிலம் மூன்றும் செய்திருந்த முத்தரப்பு உடன்படிக்கையை மாற்றி, சிமென்டைத் தள்ளிவிட்டுக் கண்ணாடிக்குப் போனார்கள். அந்த எதிர்ப்பை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. கொலம்பியா ஆறு பக்கத்தில் ஓடுகிறது. அதன் மீன்வளத்தின் மீது பழங்குடி இனங்களுக்கு ஒப்பந்த உரிமை இருக்கிறது. கசிந்த தொட்டிகளைப் பற்றி அரசு பல ஆண்டு வாய்திறக்காமல் இருந்ததும் அந்த மக்களுக்கு நினைவிருந்தது. கண்ணாடிக்கு ஈடான பொருளாக இருந்தால் மட்டும் பேசலாம் என்று மாநிலம் பிடிவாதம் பிடித்தது இந்தப் பின்னணியில்தான்.

எங்கே புதைப்பது

அந்தப் பிடிவாதம் ஓர் ஊகத்தின் மேல் நின்றது: கழிவு ஹான்ஃபோர்டிலேயே புதைபடும். அங்கே ஆண்டு மழை 17 சென்டிமீட்டர்தான் என்றாலும், கீழே நல்ல நிலத்தடி நீர் இருக்கிறது, அது ஆற்றை நோக்கி நகர்கிறது. அந்த இடத்தில் நைட்ரேட்டும் டெக்னீசியமும் நூற்றாண்டுகளுக்குப் பிறகு கசிந்தாலும் பிரச்சினைதான். ஆகவே அங்கே பொருள்தான் கடைசி அரண், கண்ணாடி கேட்டது நியாயம்.

இடத்தை மாற்றிப் பாருங்கள். டெக்சாஸ் மாநிலம் ஆண்ட்ரூஸ் பகுதியில் ஒரு புதைகுழி தடித்த செங்களிமண் அடுக்குக்குள் அமைந்திருக்கிறது. யூட்டா மாநிலத்தின் கிளைவில் இன்னொன்று. அங்கே அடியிலுள்ள நீர் குடிக்கவே முடியாத அளவுக்கு உப்பு. இந்த இடங்களில் சிமென்ட் கல்லின் மெதுவான கசிவு சென்று சேர்வதற்குக் கிணறும் இல்லை, ஆறும் இல்லை. பொருளின் குறையை நிலவியல் ஈடுகட்டிவிடுகிறது. 2023-ல் வெளிவந்த ஆய்வகக் குழுவின் இரண்டாவது அறிக்கை, சிமென்டில் கட்டி வெளிமாநிலத்துக்கு அனுப்பலாம் என்று பரிந்துரைத்ததற்கு இதுவே அடித்தளம். மூன்று வழிகளில் கண்ணாடிக்குத்தான் செலவு அதிகம், சிமென்டுக்குக் குறைவு. இந்த இடைவெளியில் பல ஆயிரம் கோடி டாலர் மிச்சமாகும் என்று அமெரிக்கத் தணிக்கை அலுவலகம் 2017 முதலே சொல்லிவருகிறது.

செய்துபார்த்த சான்றும் சின்னதாக ஒன்று இருந்தது. 2017-ல் மூன்றே மூன்று காலன் கழிவை எடுத்து, சீசியத்தை நீக்கி, ஹான்ஃபோர்டுக்கு அடுத்த ரிச்லாண்டில் சிமென்டாக்கி, டெக்சாஸுக்கு அனுப்பினார்கள். மூன்று காலனைப் பார்த்துச் சிரிக்கலாம். ஆனால் தொட்டியிலிருந்து புதைகுழிவரை எல்லா உரிமங்களும் கையெழுத்துகளும் ஒருமுறை முழுச்சுற்று வந்தன. இம்மாதிரித் திட்டங்களில் குழாயைவிடக் கையெழுத்துதான் அதிகம் அடைக்கும்.

சட்டம் இன்னொரு முடிச்சு. மறுசெயலாக்கத்தில் வந்த கழிவு என்றாலே உயர்கதிரியக்கக் கழிவு, அதை ஆழ்நிலப் புதைகுழியில்தான் வைக்க வேண்டும் என்பது மூலவிதி. 2005 நிதியாண்டுப் பாதுகாப்புச் சட்டத்தின் 3116-ஆம் பிரிவு தென் கரோலினாவுக்கும் ஐடஹோவுக்கும் ஒரு விலக்கு வழி தந்தது. வாஷிங்டன் மாநிலம் அதில் இல்லை. அதனால் ஒரே வேதியியல் உள்ள கரைசலுக்குச் சவன்னாவில் ஒரு பெயர், ஹான்ஃபோர்டில் வேறு பெயர். பொறியாளர்கள் பத்தாண்டு உழைத்துப் பொருளை மேம்படுத்தினாலும் இந்த முடிச்சு அவிழாது. திட்ட அட்டவணையில் சட்ட ஆலோசகருக்கும் ஒரு வரிசை ஒதுக்க வேண்டிய இடம் இது.

வெளிமாநிலத்துக்கு அனுப்புவதென்றால் வழியிலுள்ள ஊர்களும் பேசும். ஆரிகன் மாநிலம் ஏற்கெனவே கவலை தெரிவித்திருக்கிறது. இங்கே ஒரு நுணுக்கம் முக்கியம். திரவமாக ஏற்றி அங்கே போய்ச் சிமென்டாக்குவதா, இங்கேயே கல்லாக்கி ஏற்றுவதா? செலவும் வேலையும் முதல் வழியில் குறையலாம். விபத்தில் லாரி கவிழ்ந்தால் இரண்டும் ஒன்றல்ல. கல்லாக்கி அனுப்புவதே சரி என்பேன், கொஞ்சம் கூடுதல் செலவானாலும்.

இரண்டையும் செய்தவர்கள்

நியூயார்க் மாநிலத்தின் வெஸ்ட் வேலியைப் பற்றி ஒரு வார்த்தை. 1966 முதல் 1972 வரை ஓடிய தனியார் மறுசெயலாக்க ஆலை விட்டுப்போன சுமார் 6 லட்சம் காலன் கழிவு. சேற்றுக்கு மேலிருந்த கரைசலில் சீசியத்தை சியோலைட் என்ற கனிமத்தில் பிடித்துக்கொண்டு, மீதியைச் சிமென்டாக்கி ஏறத்தாழ 20,000 சதுரப் பீப்பாய்களில் அடைத்தார்கள். சேற்றையும் சீசியம் பிடித்த சியோலைட்டையும் 1996 முதல் 2002-க்குள் கண்ணாடியாக்கி 275 கலன்களில் ஊற்றி முடித்தார்கள். சிமென்ட் பீப்பாய்கள் பிற்பாடு நெவாடாவுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. உயர்கதிரியக்கக் கழிவுக்கான தேசிய ஆழ்நிலப் புதைகுழி எதுவும் திறக்கப்படாததால், கண்ணாடிக் கலன்கள் இன்னும் வெஸ்ட் வேலியிலேயே நிற்கின்றன. உயர்தரப் பொருள் போக இடமில்லாமல் நிற்கிறது, தாழ்ந்த பொருள் போய்ச் சேர்ந்துவிட்டது. அளவில் ஹான்ஃபோர்டின் நூறில் ஒரு பங்கு என்பதால் பாடத்தை அப்படியே பெருக்கிவிட முடியாது. வரிசையை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்: எளிய பங்கை எளிய முறையில் முதலில் தீர்த்தார்கள்.

என் தேர்வு

ஹான்ஃபோர்டில் கிழக்கு, மேற்கு என்று இரண்டு தொட்டிப் பகுதிகள். இடையே 10 கிலோமீட்டர் அளவுக்குத் தூரம். கண்ணாடி ஆலை கிழக்கில். இரட்டைச் சுவர்த் தொட்டிகள் 28-ல் மேற்கில் இருப்பவை மூன்று மட்டும். மேற்கிலுள்ள பழைய தொட்டியைக் காலி செய்ய வேண்டுமென்றால் எடுத்ததை வைக்க இடமில்லை. கிழக்கே தள்ளினால் அங்கேயும் ஏற்கெனவே நெருக்கடி. இந்தத் தொட்டிகள் கிடக்கும் ஒவ்வோர் ஆண்டும் பழசாகின்றன. 2012-ல் இரட்டைச் சுவர்த் தொட்டி ஒன்றின் உள்சுவரே கசிந்தது உறுதியானது. 2021-ல் இன்னொரு பழைய தொட்டி மண்ணுக்குள் கசிவதாக அறிவித்தார்கள்.

ஆகவே கிழக்குப் பகுதிக் கரைசலுக்குக் கண்ணாடி. அந்த ஆலைக்கான பணம் செலவாகிவிட்டது, உலை சூடாக இருக்கிறது, கலன்களைப் புதைக்கும் குழியும் அதே வளாகத்தில் தயார். இனி அதை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் சிமென்டாக்கலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. மேற்குப் பகுதிக் கரைசலுக்குச் சிமென்ட், வெளிமாநிலப் புதைகுழி. இரண்டாவது கண்ணாடி ஆலை வேண்டாம். அது உரிமம் வாங்கிக் கட்டி முடிவதற்குள் மேற்குத் தொட்டிகளின் நிலை என்ன ஆகும் என்பதற்கு யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். ஹான்ஃபோர்டிலேயே சிமென்டைப் புதைப்பது கடைசித் தேர்வாக, அதுவும் அயோடினைப் பிடிக்கும் கலவை நிரூபணமான பிறகு மட்டும்.

நடந்ததும் ஏறத்தாழ இதுதான். எரிசக்தித் துறை, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை, வாஷிங்டன் மாநிலம் மூன்றும் நான்கு ஆண்டு மூடிய அறையில் பேசி, 2024-ல் அறிவித்து, 2025 ஜனவரியில் இறுதி செய்த உடன்படிக்கையின்படி, மேற்குப் பகுதியின் 22 தொட்டிகள் 2040-க்குள் காலியாக வேண்டும். அவற்றின் குறைகதிரியக்கப் பங்கைச் சிமென்டாக்கி மாநிலத்துக்கு வெளியே புதைக்க வேண்டும். உயர்கதிரியக்கக் கண்ணாடி 2033-ல் தொடங்க வேண்டும். நின்றுபோன முன்சுத்திகரிப்புக் கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு நேரடியாக ஊட்டும் அதே வழிதான் இதற்கும்.

என் கவலை 2033-ஐப் பற்றியது அல்ல. அந்த 22 தொட்டிகளுக்கான சிமென்ட் ஆலை ஒப்பந்தத்தைப் பற்றியது. சிமென்ட் என்பதால் எளிது என்று நினைத்து, மறுபடியும் வடிவமைப்பு பாதியிலிருக்கும்போதே கட்டத் தொடங்குவார்கள். கலவை இயந்திரம் எளிதுதான். அதற்கு முன்னால் வரும் சீசியம் பிரிப்பும், கரிமச் சேர்ம அகற்றலும், தொட்டிக்குத் தொட்டி மாதிரி எடுத்துச் சோதிப்பதும் எளிதல்ல. டெக்சாஸிலும் யூட்டாவிலும் ஏற்றுக்கொள்ளும் அளவுகோல்களை எழுத்தில் வாங்கி, 22 தொட்டிகளில் எவை அவற்றுக்குள் பொருந்தும், எவை பொருந்தாது என்று பிரித்த பட்டியல் வந்த பிறகே அஸ்திவாரம் தோண்ட வேண்டும். பொருந்தாதவை எத்தனை என்று தெரிந்தால், மூன்றே இரட்டைச் சுவர்த் தொட்டிகளை வைத்துக்கொண்டு எந்த வரிசையில் காலி செய்வது என்பதும் அப்போதுதான் தெரியும்.